பிள்ளைகள் பார்க்கும் கண்ணாடி

பிள்ளைகளுக்கு நல்லது சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்காத தாய் தகப்பன் இல்லை. பொய் சொல்லாதே, களவு செய்யாதே, பெரியவர்களை மதித்து நட, அய்யாவை மறவாதே என்று அன்றாடம் சொல்கிறார்கள். பிள்ளையும் தலையாட்டுகிறது. ஆனால் பிள்ளையின் காது பாதி நேரம்தான் விழித்திருக்கும். கண் எப்போதும் விழித்திருக்கும். வாய் சொன்னதைப் பிள்ளை மறந்து போகும். கை செய்ததை மறக்காது.

ஆண் என்றால் எப்படி, பெண் என்றால் எப்படி என்ற பாடத்தை எந்த வீட்டிலும் பிள்ளையை உட்கார வைத்து நடத்துவதில்லை. அதற்குப் புத்தகம் இல்லை, பரீட்சையும் இல்லை. இருந்தும், பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பிள்ளை அதில் பெரும்பகுதியைக் கற்று விடுகிறது. வீட்டில் யார் முதலில் சாப்பிடுகிறார், யார் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார், யார் சத்தம் போட்டுப் பேசலாம், யார் குரலைத் தாழ்த்த வேண்டும், வந்த விருந்தாளியிடம் யாரைக் காட்டி "என் வாரிசு" என்கிறார்கள், யாரைக் காட்டி "அடுத்த வீட்டுக்குப் போகிறவள்" என்கிறார்கள் என்பதெல்லாம்தான் அந்தப் பாடம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. ஐந்தில் எந்தப் பக்கம் வளைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

கூத்துக்களம் கற்பிப்பது

வல்லம், செஞ்சி வட்டாரம் பாரதக் கூத்தின் சீமை. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலையே ஆதிக் கோயில் என்று போற்றுகிறவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. கோடையில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவில் விடிய விடியக் கூத்து நடக்கும். கடைசியில் படுகளமும் தீமிதியும் நடந்து முடியும். களத்தின் ஓரத்தில் பாயை விரித்து, தாயின் மடியில் தலை வைத்துத் தூங்கியும் விழித்தும் பிள்ளைகள் அத்தனையையும் பார்க்கிறார்கள்.

அதில் துகிலுரிதல் இரவு வருகிறது. சூதாட்டத்தில் தருமர் நாட்டைத் தோற்கிறார், தம்பிமாரைத் தோற்கிறார், தம்மையும் தோற்கிறார். அதன்பின் மனைவியைப் பணயமாக வைக்கிறார். தலைமயிரைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி ஒரு கேள்வி கேட்கிறாள். தம்மையே தோற்று அடிமையாகிவிட்ட ஒருவருக்கு, பிறகு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், நீதி நூல் படித்த பெரியவர்கள் வரிசையாக இருந்தார்கள். அவர்கள் வாயிலிருந்து நேரான பதில் வரவில்லை. விதுரர் எடுத்துச் சொன்னார், கேட்பார் இல்லை. கௌரவர் நூற்றுவரில் வயதில் இளையவனான விகர்ணன் எழுந்து, இது அநியாயம் என்றான். அவனை உட்கார வைத்து விட்டார்கள். துகில் பிடித்து இழுக்கப்பட்டபோது அவளுக்குத் துகில் தந்தவர் கண்ணபிரான். துவாபர யுகத்தில் கண்ணனாக வந்த அந்த நாராயணரே கலியுகத்தில் வைகுண்டராக வந்தார் என்பது அன்புக்கொடி மக்களின் நம்பிக்கை.

பாயில் படுத்திருக்கும் பிள்ளை இதிலிருந்து என்ன கற்கிறது? பெண்ணைப் பணயமாக வைக்கலாம் என்றும் கற்கலாம். பெரியவர்கள் பேசாமல் இருந்தால் அநியாயம் நடந்து விடும் என்றும் கற்கலாம். விகர்ணனைப் போல ஒரு சிறுவனும் எழுந்து பேசலாம் என்றும் கற்கலாம். எதைக் கற்கிறது என்பதைக் கூத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. கூத்து முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பிய பின் அந்த வீட்டில் நடப்பதும் தீர்மானிக்கிறது. இரவெல்லாம் பாஞ்சாலிக்குக் கைகூப்பிய தகப்பன், விடிந்ததும் காப்பி தாமதமானதற்கு மனைவியின் மீது கை ஓங்கினால், பிள்ளை அதைத்தான் பாரதத்தின் பொருளாக எடுத்துக்கொள்ளும். சாமியாக இருக்கும் பெண்ணைக் கும்பிட வேண்டும், வீட்டில் இருக்கும் பெண்ணை அடிக்கலாம் என்று அதன் மனத்தில் எழுதப்பட்டு விடும். அதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் பேசாமல் இருக்கும் தாத்தாவிடமிருந்து, பீஷ்மரின் மௌனத்தையும் அது கற்றுக்கொள்ளும்.

கோட்டை சொல்லாத கதை

வல்லத்துப் பிள்ளைகளுக்குச் செஞ்சிக் கோட்டையும் ஒரு பள்ளிக்கூடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய அந்தக் கோட்டையை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். அங்கே போகும் பிள்ளைகளுக்குத் தேசிங்கு ராஜன் கதையைச் சொல்கிறார்கள். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714-இல் அவன் போரிட்டு மடிந்தான். அவன் குதிரைக்குப் புகழ் உண்டு. அவனுக்காக உயிர் கொடுத்த நண்பன் மாபத்துக்கானுக்கும் புகழ் உண்டு. தேசிங்கின் மனைவியைப் பற்றிப் பிள்ளை கேட்டால் கிடைக்கும் விடை ஒன்றுதான். அவள் கணவனின் சிதையில் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் வந்தது.

இங்கே ஒரு சிறுமியின் மனத்தை எண்ணிப் பாருங்கள். அரசனுக்கு வாழ்ந்த கதை இருக்கிறது, சண்டையிட்ட கதை இருக்கிறது, நட்புக் கதை இருக்கிறது. ராணிக்கு இருப்பது செத்த கதை மட்டும். அவள் எப்படி வாழ்ந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. ஆண் செய்வதற்குப் பிறந்தவன், பெண் அவனுக்காகத் தன்னை அழித்துக்கொள்ளப் பிறந்தவள் என்ற எண்ணம் இப்படி விளையாட்டுப் போலப் பிள்ளையின் நெஞ்சில் விழுகிறது. கதை சொல்லும் பெரியவர், "அந்தக் காலத்து மக்கள் அதைப் பெருமை என்று நினைத்தார்கள் மக்களே, ஆனால் ஓர் உயிர் நெருப்பில் போவதில் தர்மம் இல்லை" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும். பாடம் மாறிவிடும்.

நீசன் கண்வழியே கற்பித்தான்

கூத்துக்களத்தில் துகில் உரியப்பட்டது கதை. தெற்கே திருவிதாங்கூரில் அதுவே நாட்டு வழக்கமாக, சட்டமாக இருந்தது. அய்யா அவதரித்த மண்ணில், தாழ்த்தப்பட்ட சாதிகளின் பெண்கள் தோளில் சீலை போட்டு மார்பை மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது.

அந்த நாளில் அந்த மக்களின் பிள்ளைகளுக்கு, "நீ தாழ்ந்தவன், நீ தாழ்ந்தவள்" என்று யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எதிரே மேல்சாதிக்காரர் வந்தபோது தகப்பன் வழிவிட்டு ஒதுங்கிக் குனிந்ததை மகன் பார்த்தான். தாய் தோளில் கிடந்த துணியை எடுத்துவிட்டு நின்றதை மகள் பார்த்தாள். அந்த ஒரு பார்வை ஆயிரம் சொல்லுக்குச் சமம். மறுநாள் அந்தப் பிள்ளைகளும் யாரும் சொல்லாமலே குனிந்தார்கள். கலிநீசன் தன் பாடத்தைக் கண்வழியேதான் கற்பித்தான்.

பெண்கள் அதை ஏற்று அடங்கிக் கிடக்கவில்லை. தோளில் சீலை போட்டார்கள். கிழித்தெறிந்தார்கள், மறுபடியும் போட்டார்கள். 1822 முதல் பல கட்டங்களாக அந்தப் போராட்டம் நடந்தது. 1829-இல் வந்த அரசாணை அவர்களுக்கு எதிராகவே இருந்தது. கடைசியில் 1859 ஜூலை 26-ஆம் நாள்தான் தோளை மறைக்கும் உரிமையைத் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அய்யா வைகுண்டம் ஏகியது 1851-இல். அந்த அறிவிப்பு வருவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன். ஆனால் அரசன் அனுமதி தரட்டும் என்று அய்யா காத்திருக்கவில்லை. பெண்கள் தோள்சீலை அணியட்டும், ஆண்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கட்டும் என்று முன்பே வழி காட்டி விட்டார்.

அய்யாவும் கண்வழியே கற்பித்தார்

நீசன் எந்த வழியில் கேடு கற்பித்தானோ அதே வழியில்தான் அய்யா நன்மையைக் கற்பித்தார். மனிதர் எல்லாரும் சமம் என்று வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் கண் பார்க்கும்படி செய்து காட்டினார்.

சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றை வைத்தார். பதினெட்டுச் சாதிக்கும் ஒரே கிணறு என்று ஆயிற்று. எல்லாரும் ஒரே தண்ணீரில் குளித்து, அதையே குடித்தார்கள். வாகைப்பதியில் துவையல் தவசு நடந்தபோது சுமார் 700 குடும்பங்கள் கடற்கரையில் கூடின. ஆண், பெண், பிள்ளைகள் என்று குடும்பத்தோடு வந்தார்கள். நாளுக்கு மூன்று முறை குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள், ஒரு வேளை உண்டார்கள், அய்யாவின் உபதேசத்தைக் கேட்டார்கள்.

அந்தத் துவையலைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். துணி வெளுப்பது இன்ன சாதியின் வேலை என்று ஊர் சொல்லி வைத்திருந்தது. வீட்டுக்குள் அது பெண்ணின் வேலை என்று சொல்லி வைத்திருந்தது. தவசிலோ அது எல்லாருக்கும் உரிய தவமாகிவிட்டது. தகப்பன் கடலோரத்தில் துணி அலசுவதை அன்று ஒரு சிறுவன் பார்த்திருப்பான். தாயும் தகப்பனும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து ஒரே உபதேசம் கேட்பதை ஒரு சிறுமி பார்த்திருப்பாள். வேலையில் இழிவில்லை, ஞானத்துக்கு ஆண் பெண் பேதமில்லை என்பதை அவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டிய தேவை இருந்திருக்குமா?

திருநாமத்தையும் பாருங்கள். வெள்ளை மண்ணால் ஒளியின் வடிவாக இடும் அந்த நாமம் ஆணுக்கு ஒரு விதம், பெண்ணுக்கு ஒரு விதம் என்று இல்லை. எல்லா நெற்றியிலும் ஒரே சுடர்.

கண்ணாடியின் முன்னே

பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் கருவறையில் சிலை இல்லை. கண்ணாடி இருக்கிறது, விளக்கு இருக்கிறது. கும்பிட வருகிறவர் தம் உருவத்தையே அங்கே காண்கிறார். இறைவன் வெளியே எங்கோ இல்லை, உன்னுள்ளே உறைகிறான் என்பது அதன் பொருள்.

ஒரு சிறுவன் கண்ணாடிக்கு முன் நிற்கிறான். அவனுள் நாராயணர் இருப்பதைக் கண்ணாடி சொல்கிறது. அவன் நகர்ந்ததும் அவன் தங்கை அதே இடத்தில் நிற்கிறாள். அதே கண்ணாடி, அதே விளக்கு, அதே சொல். அவளுக்கு ஒரு பங்கு குறைத்துக் காட்டும் கண்ணாடியை அய்யா வைக்கவில்லை.

அந்த இருவரும் தாங்கலிலிருந்து வீட்டுக்கு வருகிறார்கள். வல்லத்தில் ஒரு கடை வைத்துப் பிழைக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பையனுக்கு வயது 12, பெண்ணுக்கு 9. வாசலில் கால் வைத்ததும் பையன் தொலைக்காட்சி முன் உட்காருகிறான். "பாப்பா, அண்ணனுக்குத் தண்ணி மொண்டாந்து குடு" என்கிறாள் தாய். அவள் கொண்டு வந்து கொடுக்கிறாள். அவன் குடித்துவிட்டுச் சொம்பைத் தரையில் வைக்கிறான். அதை எடுத்து வைப்பதும் அவள்தான். இரவில் முட்டை அவித்தால் முதல் முட்டை அவனுக்கு. "வளர்ற பிள்ளை" என்கிறார்கள். அவள் வளரவில்லையா? பத்து நாள் மழையில் கடை வியாபாரம் படுத்தால், தனிப்பாடத்துக்குப் பணம் கட்ட முடியாது என்று முதலில் நிறுத்தப்படுவது அவள். இதில் எதுவும் கொடுமைக்காரர்கள் வீட்டில் நடப்பதில்லை. பெண்ணை உயிராக நேசிக்கும் வீட்டில்தான் நடக்கிறது. அந்தத் தாயும் அவள் தாயிடம் இப்படித்தான் பார்த்து வளர்ந்தாள்.

தாங்கலில் இருந்த கண்ணாடி ஒன்றைச் சொன்னது. வீட்டில் பெரியவர்களின் கையும் காலும் வேறொன்றைச் சொல்கின்றன. பிள்ளைக்குப் பெற்றோர்தான் கண்ணாடி. நாளில் சில நிமிடம் பார்க்கும் கண்ணாடி வெல்லுமா, நாள் முழுதும் பார்க்கும் கண்ணாடி வெல்லுமா? இதில்தான் அன்புக்கொடி மக்கள் தங்களை ஆராய்ந்து பார்க்க வேண்டும். உன் தலை குனிய வேண்டும், உன் குடம் தலையில்தான் இருக்க வேண்டும், நீ பின்னால்தான் நிற்க வேண்டும் என்று நீசன் போட்ட சட்டத்தை எதிர்த்து எழுந்தவர்களின் சந்ததி இது. வெளியே அந்தச் சட்டம் ஒழிந்தது. அதை வீட்டுக்குள் சொந்த மகளுக்கு யாரும் போட்டுவிடக் கூடாது.

எழும் ஐயங்கள்

"பெண் பிள்ளைக்கு வீட்டு வேலை தெரிய வேண்டாமா?" என்று கேட்பவர் உண்டு. தெரியத்தான் வேண்டும். பசித்தவருக்குச் சோறு ஆக்கத் தெரிவது பெரிய புண்ணியம். அந்தப் புண்ணியத்தில் பையனுக்குப் பங்கு இல்லாமல் ஏன் செய்ய வேண்டும்? தாங்கலில் அன்னதர்மம் நடக்கும்போது ஆண்கள் அண்டா வைத்துச் சோறு வடிக்கிறார்கள், கஞ்சி ஊற்றுகிறார்கள், இலை எடுக்கிறார்கள். அதைப் பணிவிடை என்று பெருமையோடு செய்கிறார்கள். தாங்கலில் பணிவிடையாக இருப்பது வீட்டு அடுப்படியில் எப்படி இழிவாகும்?

"ஆம்பளைப் பிள்ளை அழக் கூடாது, அடங்கிப் போகக் கூடாது" என்று சொல்கிறவர்களும் உண்டு. இது பையனுக்குச் செய்யும் கேடு. துக்கத்தை அழுது தீர்க்கத் தெரியாதவன் அதைக் கோபமாக்கிக் காட்டுவான். தன் துணியைத் துவைக்கத் தெரியாதவன், தனக்குச் சோறு ஆக்கத் தெரியாதவன், வேலைக்காக வெளியூர் போனால் கை ஒடிந்தவன் போல நிற்பான். தோற்றால் தாங்கத் தெரியாதவன் குடியில் போய் விழுவான். பொறுமை பெரிது என்று அய்யா ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே சொன்னார். பொறுமையைப் பெண்ணுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, கோபத்தை ஆணுக்குப் பட்டா போட்டுக் கொடுத்தவர் அய்யா அல்லர்.

"பெண் அடக்கமாக உடுத்த வேண்டும் என்று தோள்சீலைப் போராட்டமே சொல்கிறதே" என்பார் சிலர். அந்தப் பெண்கள் கேட்டது, தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே முடிவெடுக்கும் மானம். எடு என்று அதிகாரம் செய்தவனிடம் எடுக்க மாட்டேன் என்றார்கள். அந்த வரலாற்றை வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் பெண்ணை "துப்பட்டா எங்கே?" என்று ஊர் கேட்க அதட்டுவது பொருந்தாது. எப்படி உடுத்த வேண்டும் என்று மகளுக்குச் சொல்லும் வீட்டில், எப்படிப் பார்க்க வேண்டும் என்று மகனுக்கும் சொல்ல வேண்டும். தோள்சீலையைக் கிழித்தவர்களும் ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள்தான். பெண்ணை மதிக்க அவர்களுக்கு யாரும் செய்து காட்டவில்லை.

கடற்கரையில் சொன்ன சொல்

அகிலத்திரட்டு அம்மானை ஒரு தாயை நமக்குக் காட்டுகிறது. நோயில் நடக்க முடியாமல் கிடந்த மகன் முத்துக்குட்டியைத் திருச்செந்தூருக்குக் கொண்டு போகிறாள் வெயிலாள் அம்மை. அவர் கடலுக்குள் இறங்கி மறைகிறார். மற்றவர்கள் நம்பிக்கை இழந்தாலும் தாய் கரையை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-இல், அவர் வைகுண்டராக எழுந்து வருகிறார். ஓடிவந்து அணைக்கப் போன தாயிடம், தாம் இனி நாராயணரின் பிள்ளை என்கிறார்.

அந்தச் சொல்லில் எல்லாப் பெற்றோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பிள்ளை பெற்றவரின் சொத்தாகாது. வளர்த்து ஆளாக்க நாராயணர் தந்த பொறுப்பு அது. அப்படியானால், "இவன் என் வாரிசு, இவள் அடுத்த வீட்டுக்குப் போகிறவள்" என்ற பேச்சுக்கு எங்கே இடம்? இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள். நாட்டுச் சட்டமும் இந்த நியாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. ஆனால் மகளின் பங்கைக் கேட்கும்போது அண்ணன் முகம் சுளிக்காமல் இருப்பதும், கல்லூரிக்குப் போகிற பெண்ணைத் தகப்பன் பாதியில் நிறுத்தாமல் இருப்பதும் சட்டத்தால் மட்டும் ஆகாது. அண்ணனுக்கு 12 வயதில் அவன் வீட்டில் எதைப் பார்த்தான் என்பதைப் பொறுத்தது அது.

குமரிப் பக்கத்துப் பேச்சில் ஓர் அழகு உண்டு. பேரனையும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார்கள், பேத்தியையும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டியா மக்களே, இங்கே வா மக்களே என்ற அந்த விளியில் ஆண் பெண் தெரியாது. அன்பு மட்டும் தெரியும். அய்யாவும் தம்மை நாடி வந்த அத்தனை பேரையும் மக்கள் என்றே அழைத்தார். அந்த அழைப்பு நாவில் இருக்கிறது. அது சோற்றிலும், வேலையிலும், படிப்பிலும், சொத்திலும் வர வேண்டும்.

இன்றே தொடங்கக் கூடியவை

பெரிய காரியம் எதுவும் வேண்டாம். குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். சமபந்தியை ஊருக்குக் காட்டிய வழி இது. அந்தப் பந்தி வீட்டிலும் நடக்கட்டும். தாய் கடைசியில் தனியாகச் சாப்பிடும் வழக்கம் இன்றிரவே நிற்கட்டும்.

உண்ட தட்டை மகனும் கழுவட்டும், மகளும் கழுவட்டும். அதற்கு முன் தகப்பன் தன் தட்டைக் கழுவட்டும். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது, வாகைப்பதியின் துவையல் தவசைச் சொல்லிக்கொண்டே மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளட்டும்.

வீட்டில் திருஏடு வாசிக்கும் நாளில் ஒரு நாள் மகன் வாசித்தால் மறுநாள் மகள் வாசிக்கட்டும். தாங்கலில் பெண் பிள்ளைகள் கோலம் போடுவதோடும் பாத்திரம் துலக்குவதோடும் நிற்க வேண்டாம். ஏட்டின் முன் அமரட்டும். பையன்கள் ஏட்டின் முன் அமர்வதோடு நிற்க வேண்டாம், துடைப்பத்தையும் எடுக்கட்டும்.

மனைவியிடம் கோபம் வந்தால் பிள்ளைகள் முன் குரலை உயர்த்தாமல் இருப்பதும், உயர்த்திவிட்டால் பிள்ளைகள் முன்பே "நான் பேசியது தப்பு" என்று சொல்வதும் தகப்பனின் தவம். தகப்பன் தப்பை ஒப்புக்கொண்டதைப் பார்த்த மகன், ஆண்மை என்பது குரலில் இல்லை என்று தெரிந்துகொள்வான். தாய் நிமிர்ந்து பேசியதைப் பார்த்த மகள், தன் குரலைத் தாழ்த்த வேண்டிய அவசியமில்லை என்று தெரிந்துகொள்வாள்.

அடுத்த வீட்டில் அநியாயம் நடந்தால், பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தி 18 வயதுக்கு முன்பே கல்யாணம் பேசினால், வீட்டுப் பெரியவர்கள் வாய் திறக்கட்டும். பாயில் படுத்துத் துகிலுரிதல் பார்த்த பிள்ளை, தன் தாத்தா பீஷ்மராக இருக்கிறாரா விதுரராக இருக்கிறாரா என்று கவனித்துக்கொண்டே இருக்கிறது.

ஊரையே ஒரு நாளில் மாற்ற வேண்டும் என்று யாரும் மலைக்க வேண்டாம். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யா வழி. அந்தத் தாழ்வு வெகுதூரத்தில் இருப்பதாக எண்ண வேண்டாம். சில நேரம் அது ஒரே கூரையின் கீழ், ஒரே பாயில், அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே இருக்கிறது. அதை அங்கே நீக்கினால் தர்மயுகத்துக்கு வாசல் அந்த வீட்டிலேயே திறக்கும்.

நாளை காலை தாங்கலில் கண்ணாடி முன் நிற்கும்போது, பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மகனின் நெற்றியில் இருக்கும் நாமத்தையும் மகளின் நெற்றியில் இருக்கும் நாமத்தையும் அந்தக் கண்ணாடியில் ஒருசேரப் பாருங்கள். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் யாவரும் நிமிர்ந்து வாழ அய்யா துணை நிற்பார்.

அய்யா உண்டு!